26 வயதில் 'பாப்பா'

கேள்வி: நான் தென் மாவட்டம் ஒன்றில் உள்ள கலை, அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் தொண்டர்கள் 48 பேரை, அறிவுசார் குறைபாடுடையோர் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். மதிய உணவு, இனிப்பு, பலூன், கலை நிகழ்ச்சி என்று நான்கு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினோம். பேருந்தில் பாதிப் பேர் அழுதார்கள். "பாவம் மேடம், நம்மை நல்லபடியாகப் படைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்றார்கள். அடுத்த வாரமே, அழுதவர்களில் இருவர், பாடத்தில் சந்தேகம் கேட்ட வகுப்புத் தோழனை "மென்டல்" என்றும், "அந்த ஹோமில் உனக்கு ஒரு இடம் சொல்லி வைக்கட்டுமா" என்றும் கேலி செய்ததை நானே கேட்டேன். இல்லத்தில் 26 வயதுப் பெண் ஒருவரை என் மாணவிகள் "பாப்பா" என்று அழைத்து, கன்னத்தைக் கிள்ளி, பலூன் கொடுத்ததும் இப்போது உறுத்துகிறது. இன்னொன்று: எந்தப் பணிக்கும் முதல் ஆளாக வரும் மாணவி ஒருத்தி அன்று மட்டும் விடுப்பு எடுத்தாள். அவளுடைய அண்ணனுக்கு இதே குறைபாடு என்று பிறகு தெரிய வந்தது. இந்த ஆண்டும் போக வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். போவதா, வேண்டாமா? என் மாணவர்கள் கெட்டவர்கள் அல்லர். நான் எங்கே தவறினேன்?

பதில்:

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

போங்கள். ஆனால் சென்ற ஆண்டு போனதைப் போலப் போக வேண்டாம்.

வயது வந்த அறிவுசார் குறைபாடுடையோருக்கான தொழிற்பயிற்சிப் பிரிவு ஒன்றில் நான் 22 ஆண்டுகளாகச் சிறப்புக் கல்வியாளராக இருக்கிறேன். ஆண்டுதோறும் கல்லூரிகள் திறந்து ஒன்றிரண்டு மாதத்தில் எங்கள் வாசலில் ஒரு பேருந்து வந்து நிற்கும். இறங்கும் பிள்ளைகளின் கையில் இனிப்புப் பெட்டி இருக்கும். முகத்தில் தயக்கம் இருக்கும். திரும்பும்போது பெட்டி காலியாகியிருக்கும், தயக்கம் அப்படியே இருக்கும், அதன்மேல் கொஞ்சம் கண்ணீர் படிந்திருக்கும். அந்தப் பேருந்து போன பிறகு அந்தப் பிள்ளைகளுக்குள் என்ன நடந்தது என்பதைக் கவனித்து எழுதிய ஆசிரியர்கள் எனக்குத் தெரிந்து மிகச் சிலரே. நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். அதற்காக முதலில் என் நன்றி.

பேருந்தில் வந்த அழுகையும் வகுப்பில் வந்த கேலியும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எண்ணி நீங்கள் குழம்புகிறீர்கள். என் அனுபவத்தில் அவை இரண்டும் ஒரே இடத்திலிருந்து புறப்படுபவை. "ஐயோ பாவம்" என்று சொல்வதற்கும் "மென்டல்" என்று சொல்வதற்கும், எதிரில் இருப்பவர் நம்மைப் போன்றவர் இல்லை, நம் வரிசையில் உட்காரக்கூடியவர் இல்லை என்ற ஒரே தீர்மானம் தேவைப்படுகிறது. அந்தத் தீர்மானத்தோடு உள்ளே போன உங்கள் மாணவர்கள், நான்கு மணி நேரத்தில் அதை உறுதி செய்துகொண்டு வெளியே வந்தார்கள். அன்று அவர்கள் கண்டதெல்லாம் வரிசையாக உட்கார்ந்து உணவு வாங்கிக்கொண்டவர்களை. கைதட்டச் சொன்னபோது கைதட்டியவர்களை. வேறு எதையும் காண்பதற்கு அன்றைய ஏற்பாட்டில் இடமே இருக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்று நீங்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன்.

"பாப்பா" என்ற சொல்லில் நான் சற்று நின்று பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அதுதான். தமிழில் ஒருவரிடம் வாய் திறந்த மாத்திரத்தில் அவருக்கு நாம் எந்த இடம் தருகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. வா, வாங்க, வாம்மா, வாடா என்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இந்த மொழியில் யாரையும் வீட்டுக்குள் அழைக்க முடியாது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத 26 வயதுப் பெண்ணை உங்கள் 19 வயது மாணவி "அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று இயல்பாகச் சொல்வாள். அதே வயதுப் பெண் ஒரு இல்லத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் அக்கா பாப்பாவாகிவிடுகிறார். "உட்காருங்க" என்பது "உக்காரு செல்லம்" ஆகிவிடுகிறது. அன்பில்தான் அப்படிச் சொன்னாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லில் அந்தப் பெண்ணின் வயதிலிருந்து இருபது ஆண்டுகள் எடுக்கப்பட்டுவிட்டன. அவரைப் பற்றிப் பிறரிடம் பேசும்போதும் இதே கதைதான். எங்கள் பிரிவுக்கு வரும் விருந்தினர்கள், 40 வயதைக் கடந்து நரை கண்டவரைக்கூட "இவன் பேசுவானா?" என்று அவர் முன்னாலேயே என்னிடம் கேட்கிறார்கள். "அவரிடமே கேளுங்கள்" என்று நான் சொல்வேன். கேள்வி அவரிடம் திரும்பும்போது முக்கால்வாசிப் பேருக்கு விகுதியும் தானாக மாறிவிடுகிறது. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அங்கே யாராவது உங்கள் மாணவிகளிடம் "வயது 26, ஆனால் மன வயது 6தான்" என்று சொல்லியிருக்கவும் கூடும். எங்கள் துறையிலேயே இன்னும் பலர் அப்படிப் பேசுகிறார்கள். பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும், பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காக 1905இல் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். 1908இல் அதைத் திருத்தியபோது, எந்த வயதுப் பிள்ளைகள் பொதுவாக எந்தக் கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள் என்று வரிசைப்படுத்தினார்கள். மன வயது என்ற பேச்சு அதிலிருந்து வளர்ந்தது. அது ஒரு தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணைக் கூறும் ஒரு முறை, அவ்வளவுதான். 26 வயதுப் பெண் 26 தீபாவளிகளைக் கண்டவர். மாதவிடாய் நாட்களைச் சமாளிப்பவர். தங்கையின் திருமணத்துக்குத் தன்னை மட்டும் மண்டபத்துக்கு அழைத்துப் போகாமல் விட்டதை அறிந்தவராக இருக்கலாம். அப்பாவின் இறப்பைச் சொல்லாமல் மறைத்தபோதும், அவர் பார்க்க வருவது நின்றுபோனதைக் கவனித்தவராக இருக்கலாம். 6 வயதுக் குழந்தையின் வாழ்க்கையில் இவை இல்லை. இன்று குறைபாட்டின் அளவைத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதுமில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாடு, தீவிரத்தை ஐ.க்யூ. எண்ணைக் கொண்டு அளப்பதை விட்டுவிட்டு, பேசுவது, பணத்தைக் கையாள்வது, பிறரோடு பழகுவது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது போன்ற அன்றாடத் திறன்களைக் கொண்டு அளக்கச் சொல்கிறது.

உங்கள் மாணவர்களுக்கு முன்கூட்டியே ஒரு மணி நேர வகுப்பு எடுங்கள். அறிவுசார் குறைபாடு என்பது வளர்பருவத்திலேயே தொடங்கும் நிலை. புதியவற்றைக் கற்பதும் அன்றாடக் காரியங்களைத் தனியே நடத்துவதும் அதில் கடினமாகின்றன. மனநோய் வேறு, இது வேறு. இது தொற்றாது. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம், பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, பிறவித் தைராய்டு குறைபாட்டைக் கவனிக்காமல் விடுவது, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. தாய் செய்த பாவம் என்பது இவற்றில் எங்கும் இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 15 லட்சம் பேர் இந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் எந்த இல்லத்திலும் இல்லை. தெருவில், கடையில், வயலில், நம் வீடுகளில் இருக்கிறார்கள். குறைபாடு உடையவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு அது லேசான அளவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இல்லத்தில் நான்கு மணி நேரம் பார்த்ததை வைத்து இவர்கள் அனைவரையும் தெரிந்துகொண்டதாக ஒரு மாணவர் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் தகவல் மட்டும் மனத்தை மாற்றாது. இதை நான் ஒரு மனக்கசப்போடுதான் கற்றுக்கொண்டேன். முதல் பத்தாண்டுகள் நான் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் படம் காட்டிப் பேசினேன், கைதட்டினார்கள், பேச்சு முடிந்து வெளியே வரும்போது படிக்கட்டில் யாரோ எங்களிடம் பயிற்சி பெறுபவர் ஒருவரைப் போல நடந்து காட்டினார்கள்.

மனத்தை எது மாற்றுகிறது என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் ஒரு விடை தந்தார். இன வேறுபாடுகளை மனத்தில் வைத்து அவர் எழுதியது எங்கள் துறைக்கும் அப்படியே பொருந்துகிறது. இரு தரப்பினர் வெறுமனே சந்தித்துக்கொண்டால் போதாது. அந்தச் சந்திப்பில் இருவருக்கும் சமமான இடம் இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு குறிக்கோள் இருக்க வேண்டும், அதை அடைய ஒருவரையொருவர் நம்பி வேலை செய்ய வேண்டும், இதை மேலே இருப்பவர்கள் ஆதரிக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும் என்றார். உங்கள் சென்ற ஆண்டுப் பயணத்தை இதில் வைத்துப் பாருங்கள். கல்லூரியின் ஆதரவு நிச்சயம் இருந்தது. மற்ற மூன்றும் இல்லை. ஒருவர் பரிமாறினார், ஒருவர் வாங்கிக்கொண்டார். ஒருவர் மேடையில் ஆடினார், ஒருவர் கீழே உட்கார்ந்து பார்த்தார். சேர்ந்து முடிக்க வேண்டிய வேலை எதுவும் அங்கே இருக்கவில்லை. நீங்கள் தவறிய இடம் எது என்று கேட்டால், என் விடை இதுதான். இது உங்கள் தவறு மட்டுமன்று. கொடுப்பவரும் பெறுபவரும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு இல்லங்களை நடத்தும் எங்களைப் போன்றவர்களே பழகிப்போய்விட்டோம்.

அன்னதானத்தை நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் மக்கள் தரும் உணவும் அரிசியும் இல்லாவிட்டால் பல இல்லங்கள் மாதக் கடைசியைக் கடக்க முடியாது. உணவு கொடுக்க விரும்பினால் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பந்தியில் அனைவரும் கலந்து உட்காருங்கள். பரிமாறுவதிலும் அனைவரும் பங்கெடுங்கள்.

எங்கள் பிரிவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மருந்துக் கடைகளுக்குக் காகிதக் கவர் செய்து கொடுப்பது எங்கள் முக்கிய வேலைகளில் ஒன்று. வணிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி, எங்களிடம் 12 ஆண்டுகளாக வேலை செய்யும், அதிகம் பேசாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு வயது 31, டவுன் சிண்ட்ரோம் உடையவர். இவள் முதலில் செய்த கவரில் மைதாப் பசை ஓரத்தில் பிதுங்கி, உட்பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அவர் அதை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விரலை உள்ளே விட முயன்று பார்த்துவிட்டு, கழிவுப் பெட்டியில் போட்டார். அடுத்ததும் பெட்டிக்குள் போனது. மூன்றாவதில் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, பசைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை வழித்துக் காட்டினார். அவ்வளவு பசை போதும் என்பது பொருள். ஏழாவது கவரை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தன்னுடைய கவர்களின் அடுக்கின் மேல் வைத்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேர்வில் தேறியவளைப் போல் இருந்தாள். மதியம் தேநீருக்கு எழுந்தபோது, "அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டாள். காலையில் இறங்கியபோது அவரை அவள் எப்படி அழைத்தாள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத விருப்பமில்லை.

உங்கள் திட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு தொண்டருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். 48 பேரை ஒரே நாளில் கொட்டிவிடுவதை விட்டு, விருப்பமுள்ள 12 பேரைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமைக்கு 3 மணி நேரம் என்று 10 சனிக்கிழமைகள் போகட்டும். 30 மணி நேரம், ஆண்டுப் பணியில் கால் பங்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே 12 பேர், அங்கேயும் அதே 12 பேர். பெயர் நினைவில் நிற்பதற்கே மூன்று வாரம் ஆகும். யாருக்கு என்ன பிடிக்கும், யார் எதற்குக் கோபப்படுவார் என்பது தெரிய இன்னும் மூன்று வாரம் ஆகும். அதன் பிறகுதான் நான் சொல்லும் பழக்கம் தொடங்கும். ஆகஸ்டில் தொடங்கினால் கார்த்திகை தீபத்துக்கு முன் முடிந்துவிடும். பெரும்பாலான தொழிற்பயிற்சிப் பிரிவுகளில் அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டும் வேலை அந்தப் பருவத்தில் நடக்கும். கை போதாமல் திணறுவார்கள். உங்கள் மாணவர்கள் அங்கே வேலை கற்றுக்கொள்ளப் போகட்டும், அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். விற்பனையைக் கல்லூரி வளாகத்தில் இரு தரப்பாரும் சேர்ந்து நடத்தட்டும். கணக்கு எழுத வணிகவியல் மாணவர்கள் இருக்கிறார்கள், விளக்கை உடையாமல் வைக்கோலில் பொதிந்து கொடுக்க அங்கே கைதேர்ந்தவர்கள் இருப்பார்கள். வருமானம் அங்கே பயிற்சி பெற்று வேலை செய்தவர்களின் கையில் போய்ச் சேர வேண்டும்.

விளையாட்டும் நல்ல வழி. 1968இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கம் பின்னாளில் யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ் என்றொரு முறையைக் கொண்டுவந்தது. குறைபாடு உடையவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவார்கள். வாலிபாலில் களத்திலுள்ள ஆறு பேரில் மூவர் இவர்கள், மூவர் அவர்கள். இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் இதை நடத்துகிறது. ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, தோற்றால் சேர்ந்து தோற்கும் அணியில் யாரும் யாருக்கும் பாவம் பார்ப்பதில்லை. பந்தைத் தவறவிட்டால் "என்ன அண்ணே, பார்க்கக் கூடாதா?" என்று கோபித்துக்கொள்வார்கள். அந்தக் கோபம் மரியாதையான கோபம்.

பேசாதவர்கள், ஊட்டிவிட வேண்டியவர்கள், வேலையிலோ விளையாட்டிலோ சேர முடியாத அளவுக்குக் கடுமையான குறைபாடு உடையவர்கள் இருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். இருப்பார்கள். அவர்களோடு உங்கள் மாணவர்களைத் திடீரென்று விட வேண்டாம். நான்கைந்து வாரம் பழகிய பிறகு, பராமரிப்பவரின் பக்கத்தில் இருந்து, ஒருவருக்கு ஒரு மாணவராக உட்காரட்டும். ஊட்டுவதற்கு முன் "சாதம் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, விடையைக் கண்ணிலோ வாயின் அசைவிலோ தேடக் கற்றுக்கொள்ளட்டும். புரிகிறதோ இல்லையோ, அவருக்கும் "வாங்க, போங்க"தான்.

மாணவர்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் பயங்களும் உண்டு. அடித்துவிடுவார்களா என்பது ஒன்று. கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்களே, கட்டிப்பிடித்துவிட்டால் என்ன செய்வது என்பது மற்றொன்று, குறிப்பாக மாணவிகளுக்கு. இந்தப் பயத்தைப் பாவம் என்று அடக்கச் சொல்லாதீர்கள். பொதுவாக இவர்கள் மற்றவர்களைவிட அதிகம் அடிப்பவர்கள் அல்லர். சத்தமும் கூட்டமும் தாங்காமல் ஒருவர் கொந்தளிக்கலாம், 48 பேர் ஒரே நேரத்தில் உள்ளே போவது அதற்கு ஒரு நல்ல காரணம். தொடுவதைப் பொறுத்தவரை, வேறு எந்த 25 வயது ஆணிடமும் சொல்வதைப் போலவே, "கை கொடுங்க போதும், கட்டிப்பிடிக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லலாம்; சொல்ல வேண்டும். குழந்தைதானே என்று பொறுத்துக்கொள்வது அவருக்கும் நன்மையன்று. அதே எல்லை உங்கள் மாணவிகளுக்கும் உண்டு: கன்னத்தைக் கிள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு இருவரும் விரும்பிப் படம் எடுத்துக்கொண்டால் அது வேறு. முதல் நாளில் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் படத்தில், யாரும் கேட்காமலேயே ஒருவருடைய முகம் பயன்படுத்தப்படுகிறது.

கேலிச் சொற்களைப் பற்றி. அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடர்ட் 1910இல் 'மோரான்' என்ற சொல்லை ஒரு மருத்துவச் சொல்லாகவே உருவாக்கினார். இடியட், இம்பெசைல் என்பவையும் அன்றைய மருத்துவ வகைப்பாட்டில் இருந்தவை. இன்று மூன்றும் வசவுகள். நம் நாட்டின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 'மென்டல் ரிடார்டேஷன்' என்ற பழைய ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, "எம்.ஆர். பையன்" என்று எங்கள் ஊர்ப் பள்ளிகளில் இன்றும் சொல்கிறார்கள்; 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பெயரையே கைவிட்டுவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் புதிய கண்ணியமான சொல் ஒன்றைக் கொண்டுவருகிறது, அடுத்த தலைமுறை அதை வசவாக்குகிறது. அந்த மனிதர்களுக்கு நாம் தரும் இடம் மாறாதவரை இது இப்படியே நடக்கும் என்று அஞ்சுகிறேன். "தெய்வக் குழந்தைகள்" என்ற சொல்லையும் நான் தவிர்க்கச் சொல்வேன். வசவைவிட அது இனிமையானது. ஆனால் அதுவும் அவர்களை மனிதர்களின் வரிசையிலிருந்து எடுத்து வேறெங்கோ வைக்கிறது.

சட்டத்தையும் மாணவர்கள் அறிந்திருக்கட்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பிறர் பார்க்கும் இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பது குறித்த வழக்கில், அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் பிரித்துக் காட்டித் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு உங்கள் வகுப்பில் நல்லதொரு விவாதத்துக்கு உதவும். ஆனால் தோழனைக் கேலி செய்த அந்த இருவரிடமும் சட்டத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். தனியே அழைத்து, "இல்லத்தில் நீ யாரோடு பேசினாய், அவர் பெயர் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பெயர் தெரிந்திருக்காது. அந்த 12 பேரில் அவர்கள் இருவரையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள்; வற்புறுத்தாமல், அழைத்துப் பாருங்கள். கேலிக்கு ஆளான அந்த மாணவரையும் மறந்துவிடாதீர்கள். அவர் இன்னும் வகுப்பில் சந்தேகம் கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

இனி, விடுப்பு எடுத்த அந்த மாணவி. உங்கள் கடிதத்தில் கடைசியில் எழுதியிருந்தாலும், நான் அதை இரண்டு முறை படித்தேன். அவள் வெட்கப்பட்டு வராமல் இருந்தாள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தன் அண்ணனைப் போன்றவர்களைப் பார்த்துத் தோழிகள் அழுவதையும், பலூன் கொடுப்பதையும், மாலையில் அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதையும் அவள் முன்னமே அறிந்திருந்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வரும் நாளில் அண்ணனைப் பக்கத்து வீட்டில் விட்டுவரச் சொல்லும் உறவினர்களுக்கு நடுவில் வளர்பவர்கள் இவர்கள். அவளிடம் "உன் அனுபவத்தை வகுப்பில் வந்து சொல்" என்று எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். அவளுடைய வீடு பாடப்பொருள் ஆகக் கூடாது. இந்த ஆண்டுத் திட்டம் என்ன, ஏன் மாற்றுகிறீர்கள் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லும் முன் அவளுக்குத் தனியே சொல்லுங்கள். வருவதும் வராததும் அவள் விருப்பம். கல்லூரி வளாகத்தில் விளக்கு விற்கும் நாளுக்கு எல்லா மாணவர்களின் குடும்பத்தாரையும் பொதுவாக அழையுங்கள். அவள் அண்ணனை அழைத்து வந்தால், வாசலில் நிற்பவர்கள் அவரை எப்படி வரவேற்க வேண்டும் என்பது அதற்குள் அந்த 12 பேருக்குத் தெரிந்திருக்கும்.

இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது, "என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த வேலைக்கு ஆள் வேண்டும்?" என்று கேளுங்கள். பொறுப்பாளர் முதலில் திகைப்பார். அரிசி, எண்ணெய் என்றே சொல்லிப் பழகியிருப்பார். சற்றுப் பொறுமையாகத் திரும்பக் கேளுங்கள். அங்கே இருப்பவர்களில் யார் யாருக்குக் கல்லூரிப் பிள்ளைகளோடு வேலை செய்ய விருப்பம் என்பதையும் அவர்களிடமே கேட்டுச் சொல்லும்படி வேண்டிக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிட வேண்டும். சென்ற ஆண்டு நீங்கள் பார்த்த அந்த 26 வயதுப் பெண்ணின் பெயரையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சனிக்கிழமை பிள்ளைகளைப் பழைய உடையில் வரச் சொல்லுங்கள், கை துடைக்க ஆளுக்கொரு துணியும் கொண்டுவரட்டும். அகல் விளக்குக்குத் தீட்டும் எனாமல் வண்ணம் துணியில் பட்டால் எவ்வளவு துவைத்தாலும் போகாது.